நீ வேணாம்னு சொன்ன கிளாஸு

மச்சான்,

இன்னிக்கு காலைல செவப்பு பெயிண்ட் டப்பாவ தொறந்தேன். டர்பன்டைன் வாசன மூக்குல ஏறுன ஒடனே நீ பக்கத்துல வந்து குந்திகினு, "இன்னாடா மசமசன்னு நிக்கிற, கலக்கு"ன்னு சொல்ற மாரியே இருந்துச்சி. அழுகலாம் வரல. கோவம் தான் வந்துச்சி. யாரு மேலன்னு எனக்கே சரியா தெரியல, எழுத எழுத தெரியுதான்னு பாக்குறேன்.

நான் இப்ப சென்னீர்குப்பத்துல லாரிக்கு பெயிண்ட் அடிக்கிற ஷெட்டுல கீறேன். ஒரு லாரி பின்கதவு பூரா செவப்பு பூசிகினு கீறப்போ கோவில்பதாகைல இருந்து ஒருத்தன் வந்தான். நீ படிச்ச அதே ஓவியக் காலேஜ்ல இப்ப அவன் படிக்கிறான். சைக்கிள ஸ்டாண்டு கூட போடல, அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டான்.

"அண்ணாத்தே, செத்துப்போன அந்த சேக்காட்டு ஆளு உன் தோஸ்த்தாமே? அவரு தானே பொதுப்பாடத்த காலேஜ உட்டே தொரத்துனது? பலே ஆளு! இப்ப அத்த மறுபடியும் கொண்டாரலாமான்னு பசங்கள கேக்கப் போறாங்கோ. நான் எழுந்து அவரு பேர சொல்லி வேணாம்னு பேசப் போறேன்!"

பிரஷ்ஷால அவன் மூஞ்சில ஒரு இழுப்பு இழுக்காம உட்டது பெருசு. உன் பேரு மச்சான்! உன் பேர வெச்சி!

அவனுக்கு இன்னா தெரியும்? உனக்கு எடம் கெடச்சப்போ நான் பள்ளிக்கூடத்த பாதில உட்டுட்டு கெடந்தவன். காலண்டர பாத்து, சோப்பு டப்பாவ பாத்து நானா படம் போட கத்துகினேன். உன் கோடுன்னா எனக்கு பைத்தியம். டீக்கடை பெஞ்சுல கரித்துண்டால நீ ஒரு எருமைய இழுத்து உட்டா, அது இப்ப எழுந்து ஆவடி ஏரிக்கு போவப் போவுதுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிகினு திரிவேன். சாயங்காலம் ஸ்டேசன் வாசல்ல சைக்கிளோட நிப்பேன். நீ எறங்கி வர்றதுக்குள்ள, "இன்னிக்கு இன்னா சொல்லிக் குடுத்தாங்கோ?" நீ பின்னாடி குந்திகினு சொல்லிகினே வருவ. ஸ்டேசன்ல இருந்து சேக்காடு போற வழி தான் என் காலேஜு.

படம் பத்தி கேட்டா கொட்டுவ. பொதுப்பாடம் பத்தி கேட்டா மட்டும் உனக்கு எரியும். காலைல மொதல்ல இங்கிலீஷு, சரித்திரம், சயின்ஸுன்னு எதனா ஒண்ண கேட்டுட்டு தான் பிரஷ்ஷ தொடணும். எல்லா பசங்களுக்கும் அதுல காண்டு தான். ஒருத்தன் அது தூங்கற நேரம்பான். ஒருத்தன் பெஞ்சுக்கு அடில வாத்தியாரு வழுக்கைய வரைவான். காலை வெயிலு தான் படத்துக்கு நல்ல வெயிலு, அத்த இங்கிலீஷுக்கு குடுக்கறது பாவம்னு ஒருத்தன் சொல்லுவானாம். நீயும் சொல்லுவ: "படம் போட வந்தவனுக்கு எவன் எந்த ராஜாவ வெட்டுனா இன்னாடா?"

ஆனா உன் காரணம் அது இல்ல. எனக்கு தெரியும். ஒரு நாள் வண்டி உட்டு எறங்கி வந்து சைக்கிள்ல குந்துன. ரயில்வே கேட்டு தாண்டி தான் வாய தொறந்த. இங்கிலீஷ் வாத்தியாரு உன்ன எழுப்பி படிக்க வெச்சாராம். நீ தட்டுத்தடுமாறி படிச்சதும், "எந்த ஊருப்பா? சேக்காடா? அங்க இங்கிலீஷ் வெளையாதோ?"ன்னாராம். கிளாஸே சிரிச்சிச்சாம். "அந்த கதவுக்குள்ள இனிமே போவக்கூடாதுடா"ன்னு நீ சொன்ன. என் முதுகுல உன் நெத்தி இடிச்சிகினே வந்துச்சி.

அப்புறம் தான் பெரிய வாத்தியாரு பசங்கள எல்லாம் மரத்தடில குந்த வெச்சி, இந்த பாடம் வேணுமா வேணாமா, பயப்படாம சொல்லுங்கன்னு கேட்டாரு. நீ எழுந்து, "எங்களுக்கு கை போதும் சார். வாயி வேணாம்"ன்ன. உங்க காலேஜ்ல கை தட்ட மாட்டீங்க, வரையிற பலகைய தான் தட்டுவீங்க. மரத்துல இருந்த காக்காலாம் பறந்துச்சின்னு சொன்ன. ரொம்ப தட்டுனது யாரு? கான்வென்ட்டுல படிச்சிட்டு வந்த பட்டணத்து பசங்கோ. உன்ன தோள் மேல தூக்குனதும் அவனுங்க தான்.

அடுத்த வருஷம் பாடம் போச்சு. நீ வந்து சொன்னப்போ நான் சைக்கிள நிறுத்திட்டேன்.

"சயின்ஸுமா?"

"பூராவும்டா."

"பேமானி! சயின்ஸ ஏன்டா எடுத்த?"

"நீ வந்து அங்க குந்தி கேளு, தெரியும்."

"உட்டா வந்து குந்துவேன்டா! என்ன எவன் உள்ள உடறான்?"

நீ சிரிச்ச. நான் சிரிக்கல.

படிப்பு முடிஞ்சி ஒரு ஆபீஸ்ல படம் போடற வேல கேட்டு போன. உன் படத்த முன்னாடி மாட்டி வெச்சிருந்தாங்களாம். இந்த படத்த பத்தி இங்கிலீஷ்ல பேசுன்னாங்களாம். இது மாரி முன்னாடி யாரு யாரு போட்டுகீறாங்கன்னு கேட்டாங்களாம். உனக்கு அடுத்தாப்ல போனவன் உன்ன தோள்ல தூக்குனவனுங்கள்ல ஒருத்தன். அவன் பேசுனான். வேல அவனுக்கு. அவன் போட்ட குதிரைக்கு முட்டியே கெடையாது மச்சான், நான் பாத்தேன்! நீ வந்து சொன்ன: "கை போதும்னு சொன்னேன்ல. கைய கட்டிகினு நின்னுட்டு வந்தேன்." அதுக்கப்புறம் நீ கரித்துண்ட தொடவே இல்ல. அந்த மழைல மஞ்சக்காமால வந்துச்சி, போய்ட்ட.

எனக்கு எது பொறுக்கலன்னா, அவனுங்களுக்கு இங்கிலீஷு ஊட்லயே கீது. அப்பன் பேசறான், ஆத்தா பேசறா, அலமாரி பூரா புக்கு. பாடம் போனா அவனுங்களுக்கு காலை வெயிலு மிச்சம். உனக்கு அந்த பெஞ்ச உட்டா வேற எங்க கீது? வேணுமா வேணாமான்னு கேட்டவங்கோ, ஏன் வேணாம்னு ஒரு வார்த்த கேட்டாங்களா? கேட்டிருந்தா அந்த இங்கிலீஷ் வாத்தியாரு கெளப்பி உட்ட சிரிப்பு தான் வேணாம்னு உன் வாயில இருந்து வந்திருக்கும். தொரத்த வேண்டியது அந்த சிரிப்ப. தொரத்துனது பாடத்த. உன் மேலயும் கோவம் தான்டா. செத்துட்டா உட்டுடுவேனா?

கோவில்பதாகைகாரன் இன்னும் நின்னுகினு இருந்தான். "இன்னா அண்ணாத்தே, ஒண்ணும் சொல்ல மாட்டேன்ற?"

"இங்க வந்து நில்லு. இந்த செவப்பு கதவையே பாரு. கண்ண எடுக்காத."

பாத்தான்.

"இப்ப அந்த வெள்ள சுவர பாரு."

"ஐயே! பச்சையா ஒரு கதவு!" அவன் சுவத்த தொட்டே பாத்துட்டான். "யாரு அண்ணாத்தே உனக்கு சொல்லிக் குடுத்தது?"

நீ தான் மச்சான். மாதா கோயில் வெள்ள சுவரு பக்கத்துல, செவப்பு தபால் பெட்டி முன்னாடி என்ன நிக்க வெச்சி சொல்லிக் குடுத்த. "கண்ணு ஒரு கலர பாத்து பாத்து ஓஞ்சி போச்சுன்னா, இல்லாத கலர தானா போட்டுக்குமாம்டா"ன்ன. நான் கத்துன கத்துல தபால் போட வந்த அம்மா ஓடுச்சி. அன்னிக்கு உன் மூஞ்சிய பாக்கணும். எருமைய போட்டப்போ கூட அவ்ளோ சந்தோசம் இல்ல.

"அந்த சேக்காட்டு ஆளு தான். எந்த கிளாஸ்ல இத்த கேட்டுகினு வந்தான்னு நெனக்கிற?"ன்னு அவன கேட்டேன். "அவன் தொரத்துன கிளாஸ்ல. சயின்ஸ் வாத்தியாரு சொன்னது. உனக்கு சொல்றாங்களா இப்போ?"

அவன் மறுபடியும் அந்த சுவர பாத்தான்.

"அவன் பேர சொல்லணும்னா இத்தையும் சொல்லு. அவன பாத்து சிரிச்சாங்க, அதையும் சொல்லு. அந்த வேல யாருக்கு போச்சுன்னு சொல்லு. எல்லாத்தையும் சொல்லிட்டு அப்புறம் வேணாம்னு சொல்லு, பாக்கலாம்."

சைக்கிள எடுத்துகினு போய்ட்டான். அங்க போயி இன்னா பேசுவானோ, தெரியாது.

கோவம் ஆறல. மறுபடியும் பூசிகினு கீறேன். பூசிட்டு தலைய தூக்கி சுவர பாத்தா அங்க பச்சையா ஒண்ணு நிக்கிது, கொஞ்சம் கொஞ்சமா கரையுது. கரஞ்ச ஒடனே திரும்பி செவப்ப பாக்குறேன்.