மரத்தடிக்குப் போகும் வழி

நாரணாபுரம்,
14.06.2025

மாப்பிள்ளை ராக்கப்பனுக்கு, ஜெயபாண்டி எழுதுவது.

சிறையில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, முதுகுவலி குறைந்ததா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். உனக்கு எதிராகச் சாட்சி சொன்னவன் கேட்கிற கேள்வியா இது என்று நீ நினைக்கலாம். முப்பது வருடப் பழக்கத்தில் எனக்கு வேறு மாதிரி தொடங்கத் தெரியவில்லை.

என் மனைவி கற்பகம் இறந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கதவைத் தட்டியவன் நீ ஒருவன்தான். இப்போது யாரும் தட்டுவதில்லை. டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிறது. "தீயணைப்புக்காரரு வந்துட்டாக, பாத்துப் பேசுங்கப்பா" என்கிறார்கள், என் காதுபடவே.

நீ குத்தகைக்கு நடத்திய பட்டாசுக் கம்பெனி வெடித்த அன்று, வாசலில் வைத்துக் கேட்டேன்: "ஏலே ராக்கப்பா, உள்ள இன்னும் எம்புட்டுப் பேரு?"

"யாருமில்ல. எல்லாரும் வெளிய வந்துட்டாக" என்றாய். நம்பினேன். முக்கால் மணி நேரம் எரிகிற அறைகளையே சுற்றினோம். அப்போதுதான் உன்னிடம் வேலை பார்த்த மாரித்தாயின் மகள் ஆர்த்தி ஓடிவந்தாள். தாய்க்கு அவள் வாங்கிக்கொடுத்த போன் எங்கே இருக்கிறது என்று அவள் போனில் தெரியும்.

"அண்ணே, அம்மா போனு அங்கன காட்டுது" என்றாள். மேப்பில் அந்தப் புள்ளி மேற்கு வேலிக்கு வெளியே, கருவேலங்காட்டுக்குள் நின்றது. உன் லைசென்சில் இல்லாமல், திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்த மரத்தடி ஷெட். அவள் விடாமல் அழைத்தாள். சரிந்த தகரத்துக்கு அடியில் போன் ஒலித்தது. மாரித்தாய் பிழைத்தாள். பக்கத்தில் கிடந்த வேலையாள் ரத்தினசாமிக்கும் மூச்சு இருந்தது. ஆம்புலன்சில் போகும்போதே உயிர் போய்விட்டது.

நீதிபதியிடம் இதைத்தான் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பதில் போடு.

ஜெயபாண்டி


மத்திய சிறை, மதுரை,
09.07.2025

ஜெயபாண்டிக்கு,

மாப்பிள்ளை என்று எழுதி அடித்துவிட்டேன்.

நீ பொய் சொல்லியிருந்தால் உன்னைத் திட்டியாவது பொழுதைப் போக்குவேன். அதற்கும் நீ வழி வைக்கவில்லை. "யாருமில்ல" என்று சொன்னபோது அவர்கள் ஓடிப்போயிருப்பார்கள் என்று நம்பினேன். இல்லை, நம்ப ஆசைப்பட்டேன். ஷெட் வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும் என்ற பயம்தான் முதலில் வந்தது. ரத்தினசாமி முகம் அப்புறம்தான் வந்தது.

தண்டனை கிடைத்ததில் எனக்குக் குறையில்லை. கூண்டில் நின்ற என்னை நீ ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அதுதான் குறை.

அழகுமீனா மாதம் ஒருமுறை வருகிறாள். புருஷன் பெண்டாட்டிக்குப் பேச ஒன்றுமில்லை. "சாப்பிட்டீகளா" என்கிறாள், "சாப்பிட்டேன்" என்கிறேன். நேரம் முடிந்துவிடுகிறது.

நீ சும்மா எழுதுகிறவன் இல்லை. என்ன வேண்டும்?

ராக்கப்பன்


நாரணாபுரம்,
22.07.2025

மாப்பிள்ளை,

நிமிர்ந்து பார்த்திருந்தால் சாட்சி சொல்லியிருக்க மாட்டேன். அதனால்தான் பார்க்கவில்லை.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். லீவு நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆலையாகப் போகிறேன். வாசல் எங்கே, தண்ணீர் எங்கே, எங்கள் வண்டி எங்கே திரும்பும் என்று போனில் உள்ள மேப்பில் குறித்து வைக்கிறேன். இன்னொரு முக்கால் மணி நேரம் வீணாகக் கூடாது. ஆனால் மரத்தடி ஷெட்டை மட்டும் யாரும் காட்டுவதில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் நாயை அவிழ்த்து விட்டார்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தில் மரம் தெரிகிறது. அதற்கு அடியில் உட்கார்ந்திருக்கிற ஆள் தெரிவதில்லை.

தீபாவளி சீசன் நெருங்குகிறது. அந்த இடங்களுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுத்தவன் நீ. எங்கெங்கே என்று எனக்குச் சொல்.

இதற்காக மட்டும் எழுதினேன் என்று எண்ணாதே. கேட்க ஒன்றுமில்லாவிட்டாலும் எழுதியிருப்பேன்.

ஜெயபாண்டி


மத்திய சிறை, மதுரை,
18.08.2025

மாப்பிள்ளை ஜெயபாண்டிக்கு,

தனித்தாளில் ஒன்பது இடங்களுக்கும் வழி எழுதியிருக்கிறேன். எட்டை ஒரே நாளில் எழுதினேன். ஒன்பதாவதற்குப் பன்னிரண்டு நாள் ஆனது. அது என் மச்சினன் பாண்டிச்செல்வம் நடத்துவது. அழகுமீனா அவன் வீட்டில்தான் இருக்கிறாள். நான்தான் சொன்னேன் என்று தெரிந்தால் அவள் இங்கே வருவது நின்றுபோகும். தெரியாமல் பார்த்துக்கொள்.

இனி எனக்கு எழுதாதே. கோபமில்லை. உன் கடிதம் வந்தால் இரண்டு நாள் பழைய ராக்கப்பனாக இருக்கிறேன். மூன்றாம் நாள் இந்த இடத்துக்குத் திரும்புவது பெரும்பாடாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். சமைத்துச் சாப்பிடு.

ராக்கப்பன்


நாரணாபுரம்,
04.10.2025

மாப்பிள்ளை,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்.

ஒன்பது இடத்தையும் குறித்து, பட்டியலை அதிகாரியிடம் கொடுத்தேன். ஐந்துக்குப் பூட்டு விழுந்தது. மற்றவற்றுக்கு ஆள் போவதற்குள், போன செவ்வாய் பகலில் உன் மச்சினன் ஷெட் பற்றிக்கொண்டது. சாலையிலிருந்து பார்த்தால் புகை மட்டும்தான். காட்டுக்குள் பாதையே தெரியாது. நீ எழுதிய ஓடைத் தடத்தில் மேப்பைப் பார்த்து வண்டியை விட்டோம். பதினோரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். நான்கு பேரை உயிரோடு தூக்கினோம். பாண்டிச்செல்வமும் அதில் ஒருவன். கால் வெந்திருக்கிறது, பிழைத்துக்கொள்வான். வழக்கு உண்டு.

ஆஸ்பத்திரி வாசலில் அழகுமீனா என்னைக் கும்பிட்டாள். வெகுநாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணே, அந்தக் காட்டுக்குள்ள வழி யாரு காட்டுனாக?"

உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. நீ வேண்டாம் என்று எழுதியது ஞாபகம் வந்தது. "போன்ல பாத்துப் போனோம்மா" என்றேன். அதையே நம்பி, கூப்பிய கையை இறக்காமல் நின்றாள்.

அந்தக் கும்பிடு எனக்கு உரியது இல்லை. அவளிடமும் சொல்ல முடியாது, ஊரிலும் சொல்ல ஆளில்லை. உன்னிடம் சேர்த்துவிட்டேன்.

ஜெயபாண்டி