ஜீப்புக்கு முன்னால் நின்றவர்கள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் முதல் வேண்டுதல். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன், முழுவதும் படித்துவிட்டுப் பேசு.

உன் அப்பாவின் பழைய ஜீப்பை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. பட்டறையை உன் தம்பியிடம் விட்ட பிறகு மனுஷன் அதற்கு அடியிலேயேதான் கிடந்தார். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தூக்கி, சக்கரத்துக்கு மேலே இருந்த தகரத்தை வெட்டி, டிராக்டர் டயர் மாதிரி ஒன்றை மாட்டி, பாறை இடித்தால் தாங்க அடியில் இரும்புத் தகடு, கவிழ்ந்தால் தலை நசுங்காமல் இருக்கப் பைப்பில் ஒரு கூண்டு. நான் ஏறி உட்கார ஸ்டூல் போட வேண்டும். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று தொண்டை கிழியக் கத்தினேன், அதற்கு மட்டும் அவருக்கு நேரமில்லை. இத்தனையும் எதற்கு? ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரியில் பாறை மேல் ஏறுவதற்கு. நடந்தால் இரண்டு நிமிஷத்தில் போகிற இடத்துக்கு இவரும் கூட்டாளிகளும் அரை நாள் ஏறுவார்கள், ஆமை மாதிரி ஊர்வதுதான் அதில் கெட்டிக்காரத்தனமாம். ஓட்டுகிறவருக்கு பானெட்டும் வானமும்தான் தெரியும், சக்கரம் எந்தக் கல்லில் நிற்கிறது என்று தெரியாது. அதனால் முன்னால் ஒருத்தர் நின்று கை காட்ட வேண்டும். முஷ்டியை உயர்த்தினால் நில் என்று அர்த்தம், அதற்குமேல் ஒரு விரற்கடை நகரக் கூடாது. கை காட்டுவது உன் தம்பி. சாப்பாட்டு மேசையில் அப்பாவும் பிள்ளையும் எலியும் பூனையும், பாறையில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை.

போன மாதம் குவாரியில் தம்பி இடது சக்கரத்துப் பக்கம் ஒதுங்கி நின்று முஷ்டியை உயர்த்தியிருக்கிறான். வண்டி நிற்கவில்லை. டயர் அவன் பாதத்தின் மேல் ஏறி இறங்கி எலும்பு நொறுங்கிவிட்டது. நீ பதறுவாய் என்று பட்டறையில் ஏதோ விழுந்ததாகச் சொன்னோம், கோபித்துக்கொள்ளாதே. கூட இருந்தவர்கள் எல்லோரும் அவனைத்தான் திட்டினார்கள், அங்கே போய் எதற்கு நின்றாய் என்று. உன் அப்பாவும் ஆஸ்பத்திரியிலேயே, ஒழுங்கா கை காட்டத் தெரியாதவன் எதுக்குடா முன்னால நிக்கறே என்று கத்தினார். அந்தப் பிள்ளை கட்டோடு படுத்துக்கொண்டு, மன்னிச்சிடுங்கப்பா, என் மேலதான் தப்பு என்கிறான். எனக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை.

ஏனென்றால் எனக்கு அதற்கு முன்பே சந்தேகம். ஜீப்பின் நெற்றியில் இரண்டு விளக்கு நாலாகி, நாலு எட்டாயிற்று. பகலில் ஏறுகிற வண்டிக்கு எதற்கு இத்தனை என்று கேட்டால், அழகுக்கு என்றார். தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீரைத் தட்டிவிடுவார், கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு கதவைத் திட்டுவார். ஆனால் போல்ட்டில் பொடிசாக இருக்கிற நம்பரைக் கண்ணாடி போடாமல் படிப்பார். கண் டாக்டரிடம் போகலாம் என்றால், எனக்குக் கழுகுக் கண்ணு, உனக்குத்தான் புத்தி மங்கிப்போச்சு என்பார். தம்பியிடம் சொன்னேன். சும்மா இரும்மா, அப்பாவை மாதிரி ஓட்ட ஆள் கிடையாது, கட்டுப் பிரிச்சதும் மறுபடி நான்தான் நிக்கப் போறேன் என்றான். எனக்குத் தூக்கம் போயிற்று. இந்தத் தடவை கால், அடுத்த தடவை நெஞ்சு என்றால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வேன்?

போன ஞாயிற்றுக்கிழமை பட்டறை முற்றத்தில் கல்லையும் கட்டையையும் அடுக்கி வண்டியை ஏற்றிப் பார்த்தார். தம்பி நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு இருந்தான். யாராவது கை காட்டுங்கப்பா என்றார். நான் போனேன். கரண்டி பிடிக்கிற கை, வண்டி குழம்புக்குள்ள போயிடப் போகுது என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். நடுவில் நின்று வா வா என்றேன். அப்புறம் தம்பி நின்ற மாதிரியே இடது பக்கம் ஒதுங்கி முஷ்டியை உயர்த்தினேன். வண்டி வந்தது. நான் நகரவில்லை. தைரியம் என்று நினைக்காதே, ஆத்திரம். பம்பர் வயிற்றில் முட்டியது. அப்பா நிறுத்துங்க என்று தம்பி போட்ட அலறலில்தான் நின்றது. உன் அப்பா தலையை வெளியே நீட்டி, நிறுத்தணும்னா கையைத் தூக்க மாட்டியாடி என்று கேட்டார். என் கை அப்போதும் மேலேதான் இருந்தது.

தம்பி நொண்டிக்கொண்டே வந்து சாவியை உருவினான். அவர் முகத்தைத் திருப்பி என் கையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அப்போ அன்னிக்கும் நீ தூக்கியிருந்தியாடா என்றார். ஆமாம் என்று அவன் தலையை ஆட்டினான். உன் அப்பா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் மூன்று பேரும் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரப் பார்வை பெரும்பாலும் போய்விட்டதாம். வலியே இல்லாமல் வருகிற வியாதி, போனது போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம், இனி வண்டியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஜீப் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. உன் அப்பா கூப்பிட்டால் சாப்பிடுகிறார், படுக்கிறார், அவ்வளவுதான். என்னோடு ஒரு சண்டை போட்டால்கூடப் போதும் என்று இருக்கிறது. நீ பேசும்போது துக்கம் விசாரிக்காதே, ஸ்பிரிங்கைப் பற்றி ஏதாவது கேள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வேளாவேளைக்கு மருந்து விடுகிறான்.

நீ நன்றாக இரு, உன் குடும்பம் தழைக்கட்டும், கடவுள் உன்னைக் கைவிட மாட்டார். இன்னொன்று, இதற்காகத்தான் முழுவதும் படிக்கச் சொன்னேன். இது ரத்தத்தில் வருகிற வியாதி, பிள்ளைகளுக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். தம்பிக்குப் பார்த்தாயிற்று, அவனுக்கு ஒன்றுமில்லை. கடைசிப் படி தெரியாமல் விழுந்துவிட்டேன் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாயே, அன்றைக்கு நானும் பராக்குப் பார்த்தால் அப்படித்தான் என்று சிரித்தேன், பாவி. நாளைக்கே போய்க் கண்ணைக் காட்டு. காட்டிவிட்டு வரும்வரை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்காதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா