நாலாவது படத்தை முதலில் போட்டவன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் வலது கணுக்கால் மட்டும்தான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. அங்கே குளிர் குறைந்ததா, போன தடவை பேசும்போது இருந்த இருமல் விட்டதா என்று எழுது. சத்தமே இல்லாத அறைக்குள் நின்று செய்கிற வேலையாயிற்றே, அங்கே போய் இருமிக்கொண்டு நின்றால் என்ன ஆவது. வெந்நீர் குடி, சோம்பல்படாதே. அம்மாவுக்குப் போன செவ்வாய்க்கிழமை மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், ஆறு வாரத்தில் கால் பாதியாக இளைத்திருக்கிறது, அதைப் பார்த்து அவளே இது யார் கால் என்று கேட்டாள். தினமும் காலையில் பயிற்சிக்குக் கூட்டி வருகிறேன், அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். முப்பத்துநாலு வருஷம் நான் பதிவறையைக் கட்டி ஆண்ட அதே ஆஸ்பத்திரிதான், ஆனால் இந்த நடையில் போகிற வருகிற ஒருவருக்கும் என்னைத் தெரியவில்லை, வாசலில் இருப்பவர் டோக்கன் எடுத்தீங்களா பெரியவரே என்று கேட்கிறார். சித்தப்பா தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் தன் கண்ணாடியையே தொலைத்துவிட்டு இரண்டு நாள் தேடினார், கடைசியில் யாரோ ஒரு வாடிக்கையாளர் போட்டுப் பார்த்து நன்றாகத் தெரிகிறதே என்று அதையே போட்டுக்கொண்டு போயிருக்கிறார். கேட்டால் நீயே சிரிப்பாய்.

இதெல்லாம் போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் கடிதம். மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நீ அனுப்பிய அந்தக் கப்பல் சினிமாக்களைப் பற்றியது. எட்டுப் படமும் ஒரு பெட்டியில் வந்தபோது மேலே உன் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தாய். ஒன்றிலிருந்து எட்டு வரை இதே வரிசையில் பாருங்கள், கடைசி மூன்றில்தான் என் வேலை இருக்கிறது, அதற்காகத் தாண்டிப் போகாதீர்கள், மூன்றாவதில் ஓர் இடம் வரும், அதை அம்மாவிடம் மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது, அவளுக்கு அங்கே எப்படி இருந்தது என்று அவள் வாயாலேயே நான் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். நான் அந்தப் பெட்டியைப் பீரோ மேலே வைத்தேன். பதினான்கு மாதம் அது அங்கேயே இருந்தது அம்மாடி. நீ போனில் கேட்டபோதெல்லாம் நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், அம்மாவுக்குத்தான் பொறுமையில்லை என்று அவள் தலையில் பழியைப் போட்டேன். எந்த இடம் பிடித்தது என்று கேட்டாய், கடைசிச் சண்டை பிரமாதம் என்றேன். நீ சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். எட்டுப் படத்திலும் ஒரு சண்டைகூடக் கிடையாது என்று இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு நீ கேட்கவேயில்லை, நானும் அப்பாடா என்று இருந்துவிட்டேன்.

ஏன் பார்க்கவில்லை என்று நீ கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். படத்தில் யாரோ நடந்தால் அதற்கு நீ ஓர் அறைக்குள் நின்று செருப்பை மாற்றி மாற்றிப் போட்டு நடந்து சத்தம் சேர்க்கிறாய், கதவுக்கும் கயிற்றுக்கும் துணி உரசலுக்கும் நீதான் சத்தம் கொடுக்கிறாய் என்று நீ சொன்ன நாளிலிருந்தே எனக்கு அதை வெளியில் சொல்லக் கூச்சம். இதற்கா இவ்வளவு படித்தாள் என்று ஒருவர் கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது என்று பயம். முடி வெட்டுகிற கடையில் நீ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாய் என்று சொல்லி வைத்திருந்தேன், கூட வேலை பார்த்தவர்களிடமும் அப்படித்தான். படத்தைப் பார்த்துவிட்டால் அது உண்மை என்று ஆகிவிடும், பார்க்காத வரைக்கும் ஏதோ ஒரு பேச்சாகவே இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ. உன்னைப் பெற்றவன் இப்படி நினைத்தான் என்று எழுதவே கை கூசுகிறது.

அம்மா பஸ் படியில் தவறி விழுந்து கட்டுப் போட்டு உட்கார்ந்ததும், இனி எனக்குப் பொறுமையில்லை என்று யாரும் சொல்ல முடியாது, பெட்டியை எடுங்கள் என்றாள். சித்தப்பாவும் கடையை மத்தியானம் மூடிவிட்டு வந்து சேர்ந்தார். அங்கேதான் ஆரம்பித்தது வழக்கு. சித்தப்பாதான் இந்த மாதிரிப் படமெல்லாம் கரைத்துக் குடித்தவராயிற்றே, விவரம் எல்லாம் சொன்னார். முதல் மூன்று படத்தில் கப்பலில் வேலை பார்க்கிற பெண்ணின் கதை, நாலாவதும் ஐந்தாவதும் அதற்கு முப்பது வருஷம் முன்னால் நடந்த கதை, ஆனாலும் படம் வெளிவந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும், பாப்பா சொன்னதுதான் சரி என்றார். முப்பது வருஷம் முன்னால் நடந்தது என்று காதில் விழுந்ததும் எனக்குள் இருந்த பதிவறைக்காரன் எழுந்துவிட்டான். வாழ்க்கை முழுக்கத் தேதி பார்த்து அடுக்கியவன் நான், எனக்கு வரிசை சொல்லிக்கொடுக்க நீ யார் என்ற தோரணையில் நின்றுகொண்டு சொன்னேன், “கல்யாணப் பத்திரிகையை முன்னாடி வச்சிட்டு அதுக்குப் பின்னாடி பிறந்த சர்டிபிகேட்டை வைப்பீங்களா? முன்னாடி நடந்தது முன்னாடி வரணும்.” சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா உன் தாளைக் காட்டினாள், பாப்பா எழுதியிருக்கிறாளே என்றாள். பாப்பாவுக்கு என்ன தெரியும், சத்தம் போடுகிறவளுக்குக் கதையின் வரிசை எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டேன். சொன்னேன், நான்தான் சொன்னேன். ஒரு வெள்ளைத்தாளில் நாலு, ஐந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று அளவுகோல் வைத்துக் கோடு போட்டு எழுதி டிவிக்கு மேலே ஒட்டியும் வைத்தேன்.

நாலாவதைப் போட்டோம். போட்ட கால் மணி நேரத்தில் நான் தூங்கிவிட்டேன், சாப்பிட்ட மயக்கம். விழித்தபோது பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன, சித்தப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். எப்படி இருந்தது என்று அம்மாவைக் கேட்டேன். நல்லா இருந்தது என்றாள். மறுநாள் ஐந்தாவதைப் போடப் போனேன், வேண்டாம் என்றாள். அடுத்த நாளும் வேண்டாம் என்றாள். கால் வலியோ என்று மாத்திரையை எடுத்துக்கொண்டு போனால் அதை வாங்கி வைத்துவிட்டு, “கரையில உக்காந்து கப்பலோட ரேடியோவுல பேசுறாளே ஒருத்தி, அவதான் பெத்த குழந்தையை யார்கிட்டயோ குடுத்துட்டு வந்தவ. மூணாவதுல என்ன வரும்னு எனக்கு இப்பவே தெரிஞ்சிடுச்சு. பாப்பா எனக்குன்னு எடுத்து வச்சிருந்தா. அதைப் பிரிச்சிட்டீங்களே,” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கட்டுப் போட்ட காலைத் தலையணை மேலே நகர்த்தி வைத்துக்கொண்டாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் முகம் தெரியாத ஜனங்களுக்குக் குரலாகவே இருந்தவள் அவள், சாயங்காலம் வீட்டுக்கு எப்போது வருவாய் என்று நீ அவளிடம் போனில்தான் கேட்டு வளர்ந்தாய். அந்த இடத்தை அவளுக்கு என்று நீ ஏன் வைத்திருந்தாய் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு பைல் இடம் மாறினால் எடுத்துத் திரும்ப வைத்துவிடலாம். தெரிந்துபோனதை எடுத்து எங்கே வைப்பது?

தாளைக் கிழித்துப் போட்டேன். அம்மாவே, சரி விடுங்க, ஒண்ணாவதைப் போடுங்க என்றாள். ஒன்று, இரண்டு என்று ஒருநாள் விட்டு ஒருநாள் மத்தியானம் பார்த்தோம், இந்த முறை நான் காபி போட்டுக் குடித்துவிட்டு முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண் புயலில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் கரையிலிருந்து ஒரு குரல் இடப்பக்கம் திருப்பு, பயப்படாதே என்று வழி சொல்லிக்கொண்டே இருக்கிறதே, அந்தக் குரல் வந்தாலே எனக்குத் தைரியம் வந்தது. அம்மா குழந்தையைக் கொடுத்தவள் என்று சொன்னாளே தவிர எந்தக் குழந்தை என்று சொல்லவில்லை, நான் தூங்கினவன், யோசிக்கவும் இல்லை. மூன்றாவதில் கப்பல் கரைக்கு வந்து அந்தப் பெண் படியேறிப் போய்க் கதவைத் திறந்து நிற்கிறாள், உள்ளே அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியான கிழவி மைக்கைக் கீழே வைக்காமலே அவள் பெயரை, பெற்றவளுக்கு மட்டுமே தெரிந்த அந்தச் சின்ன வயசுப் பெயரைச் சொல்கிறாள். நான் காபி தம்ளரோடு எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். “அப்போ இத்தனை நாளும் அவளுக்குத் தெரியும். இந்தப் பொண்ணுக்குத்தான் தெரியாதா?” என்று கத்தியேவிட்டேன், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, காபியும் சட்டையில் கொட்டுகிறது. திரும்பிப் பார்த்தால் சித்தப்பா வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார், அம்மா படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ அவளுக்கு என்று கட்டி வைத்ததை நான் பிரித்ததும் போதாமல் நானே சாப்பிட்டும்விட்டேன்.

நாலாவதையும் ஐந்தாவதையும் முடித்து ஆறாவதுக்கு வந்ததும் உன் வேலை எது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், ஒன்றும் தனியாகத் தெரியவில்லை. எதுடா அவள் செய்தது என்று சித்தப்பாவைக் கேட்டேன், அவர் சத்தத்தை நிறுத்திக் காட்டினார். அந்தப் பெண் இரும்புப் படியில் ஏறுகிறாள், ஏறின மாதிரியே இல்லை, காற்றில் காகிதம் போகிற மாதிரிப் போகிறாள். எல்லாச் சத்தமும்தான் போயிருக்கிறது, பாப்பா சத்தம் மட்டும் இல்லை என்று சித்தப்பா நியாயமாகவே சொன்னார், இருந்தாலும் எனக்கு விளங்கிவிட்டது. முடிவில் பெயர்கள் ஓடும்போது அம்மா நிறுத்துங்க நிறுத்துங்க என்றாள், மூன்று தடவை தவறவிட்டுப் பிறகு பிடித்தோம். அத்தனை அந்நியப் பெயர்களுக்கு நடுவில் நீ, உன் பெயருக்கு முன்னால் என் பெயரின் எழுத்து. உன் வேலையை நான் ஊருக்கு மறைத்துக்கொண்டிருந்தேன், நீ என் எழுத்தை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாய். மறுநாளே முடி வெட்டுகிற கடைக்குப் போய், நான் சொன்னது பொய், என் மகள் படத்தில் காலடிச் சத்தம் உண்டாக்குகிறவள் என்று சொன்னேன். அவர் கத்தரியை நிறுத்திவிட்டு எப்படி என்று கேட்டார், துணியைப் போர்த்திக்கொண்டே நாற்காலிக் கையில் விரலால் நடந்து காட்டினேன். இதை எதுக்கு சார் மறைச்சீங்க என்று கேட்டார்.

இவ்வளவோடு இருந்திருந்தால் ஒருவேளை நான் எழுதியிருக்கவே மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, மூன்றாவது பார்த்தாச்சாம்மா, அந்த இடத்தில் எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்டாய். நான் அம்மா பக்கத்தில்தான் நின்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறாள் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னாள், “காபி தம்ளரோட எந்திரிச்சு டிவிகிட்ட போயிட்டேன் பாப்பா. இந்தப் பொண்ணுக்குத்தான் தெரியாதான்னு கத்திட்டேன்.” கட்டுப் போட்ட காலோடவா என்று நீ சிரித்தாய். ஒத்தைக் கால்லதான் என்றாள், அவளும் சிரித்தாள். நான் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் தன்னுடையதாக்கி உனக்குக் கொடுத்துவிட்டாள். உன் சந்தோஷம் கெடக் கூடாது, என் மானமும் போகக் கூடாது. வைத்த பிறகும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொன்ன பொய்யெல்லாம் எனக்காக, அவள் சொன்ன ஒரே பொய்யும் எனக்காக. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த இடத்தில் உன் அம்மாவுக்கு எப்படி இருந்தது என்று இனி யாராலும் உனக்குச் சொல்ல முடியாது. அதற்கு நான்தான் காரணம். கோபப்படு, அவளிடம் அல்ல, என்னிடம். நீ வேலை பார்த்த மூன்றையும் பார்த்துவிட்டோம், எட்டாவதில் மழையில் அவள் வெறுங்காலோடு நடக்கிற இடத்தை அம்மா நாலு தடவை போடச் சொன்னாள், அது நிஜம்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, சத்தத்துக்காக எதையாவது ஓங்கி அடிக்கும்போது விரலைப் பார்த்து அடி. இருமல் மருந்தை மறந்துவிடாதே. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நிறைவாக, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் எப்போதும் வேண்டிக்கொள்கிறோம்.

உன் மேல் மாறாத பிரியமுள்ள,
தலை குனிந்த
அப்பா

பி.கு. உறையை ஒட்டுவதற்கு முன்னால் பெஞ்சிலேயே அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன், இனி அவளுக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம் என்றுதான். முழுக்கக் கேட்டாள். எழுதியிருக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றை விட்டுவிட்டீர்கள் என்றாள். அன்றைக்கு டிவி பக்கத்தில் போய் நின்றேனே, அங்கிருந்து திரும்பி வந்து நான் என் நாற்காலியில் உட்காரவில்லையாம், கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து படம் முடிகிற வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேனாம். எனக்கு நினைவில்லை. “அந்த இடத்துல எனக்கு எப்படி இருந்ததுன்னு கேட்டா, அதை எழுதுங்க,” என்கிறாள்.