சம்பந்தியோடு மூன்று காடுகள்

பிப்ரவரி 9, திங்கள்

பாஸ்போர்ட் படத்துக்கு ஆறு பேர், ஒரு குடும்பப் படம், கேமராவைப் பார்த்தாலே வீறிட்ட கைக்குழந்தை ஒன்று. ஸ்டுடியோவில் வழக்கமான நாள். மதியம் மகள் போன் செய்து அதைக் கெடுத்தாள்.

வீட்டுக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து என் பயணம் அந்தரத்தில் தொங்குகிறது. பல வருட ஆசை: மூன்று வனப் பூங்காக்கள், காரிலேயே ஒரு சுற்று, என் பெரிய லென்ஸ், முடிந்தால் ஒரு சிறுத்தை. எனக்கோ கார் ஓட்டத் தெரியாது. மகள் சர்வசாதாரணமாகச் சொல்கிறாள்: "அத்தை ஓட்டட்டுமேம்மா."

அத்தை என்றால் அவளுடைய மாமியார். என் சம்பந்தி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கல்யாண ஆல்பம் வந்த நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. கல்யாணத்துக்கு நானேதான் படம் எடுத்தேன். அவர் இருக்கிற எல்லாப் படத்திலும் கண் மூடியிருக்கிறது. ஃபிளாஷ் அடித்ததும் இமைக்கிற ஆளை நான் என்ன செய்ய? நான் வேண்டுமென்றே அந்த நொடிக்காகக் காத்திருந்தேனாம்!

முடியவே முடியாது என்றேன். உடனே அவள் குண்டைத் தூக்கிப் போட்டாள். ஜூனில் பிரசவம். அவர்கள் வீட்டில் விருந்தாளிக்கு இருப்பது ஒரே அறை. "வந்தா ரெண்டு பேரும் சேந்து வந்து அந்த ரூம்ல இருக்கணும். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறதா இருந்தா யாருமே வேணாம், நாங்களே பாத்துக்கறோம். முதல்ல காட்டுக்குப் போய் ஒத்திகை பாத்துட்டு வாங்க."

இருப்பது ஒரே மகள். அவள் பிரசவத்துக்கு நான் இல்லாமலா?

பிப்ரவரி 10

சரி என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கமும் சரியாம். அதையும் மகளிடம்தான் சொன்னாராம், என்னிடம் இல்லை.

பிப்ரவரி 21, சனி

கிளம்பிவிட்டோம். வண்டியில் ஏறியதும் சம்பந்தி என் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். நான் சரியாக மாட்டியிருந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றே நினைக்கிறேன். நகரம் தாண்டும்வரை அவர் பேசியதெல்லாம் மற்ற வண்டிக்காரர்களிடம். "இண்டிகேட்டர் எதுக்கு வெச்சிருக்கான்? அலங்காரத்துக்கா?" என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "அந்தப் பைய கியர் பக்கத்துல வெக்காதீங்க." அது லென்ஸ் பை. வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தொடை மரத்துப்போனது.

பிப்ரவரி 22

முதல் காடு. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

விடியற்காலை, புல்வெளி முழுக்கப் பனி, ஓடைக்கரையில் மான்கூட்டம். சம்பந்தி அழகாக, சத்தமே இல்லாமல் நிறுத்தினார். ஜன்னலில் லென்ஸை வைத்து ஃபோகஸ் பண்ணினேன். பின்னாலிருந்து வெளிச்சம் வந்து ஒவ்வொரு காதும் சிவப்பாகத் தெரிந்தது. ஒரு மானாவது என் பக்கம் திரும்பக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. அப்போது என் வாய் – ஸ்டுடியோவிலேயே பழுத்த வாய் – சத்தமாகச் சொல்லிவிட்டது:

"எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க!"

பார்த்தன. அத்தனையும் பார்த்தன. அப்புறம் ஒன்றுகூட இல்லை.

சம்பந்தி சிரித்த சிரிப்பில் தலை ஸ்டீயரிங்கில் போய் மோத, ஹாரன் அலற, மிச்சமிருந்த நாரைகளும் பறந்துவிட்டன. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறார்: "அத்தனை மானும் கண்ண நல்லாத் தொறந்துதான் பாத்துச்சு. எடுத்திருக்கலாமே."

பிப்ரவரி 23

அறையில் கட்டில் இரண்டு, பிளக் ஒன்று. அவருடைய போனா, என் கேமரா பேட்டரியா? ஏட்டிக்குப் போட்டியாக மாற்றி மாற்றிப் பிடுங்கியதில் காலையில் இரண்டிலும் பாதிதான் ஏறியிருந்தது. மகளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 24

சிறுத்தை!

இரண்டாவது காடு. மலைப்பாதையில் ஒரு வளைவு. திரும்புவதற்குச் சற்று முன்னால், மூங்கில் இடைவெளியில் எனக்குத் தெரிந்துவிட்டது: வளைவின் மறுபக்கம், ரோட்டின் நட்டநடுவில், ஹாயாகப் படுத்திருக்கிறது. எனக்குப் பேச்சே வரவில்லை. சம்பந்தியின் தோளைத் தட்டினேன், கையைக் காட்டினேன். அவர் தலையாட்டினார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

வளைவுக்கு வந்ததும் நீளமாக ஒரு ஹாரன் அடித்தார்.

வாலின் நுனி மட்டும் ஒரு படம் கிடைத்தது. அதுவும் வாலா கிளையா என்று சொல்ல முடியாது.

"எதுக்குங்க அடிச்சீங்க?" என்று கத்தியேவிட்டேன்.

"வளைவுல ஹாரன் அடிக்கணும். எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். நானே அடிக்காம போனா?"

"அது சிறுத்தைங்க!"

"இருக்கட்டுமே. எதிர்ல வண்டி வந்தா அதுக்கும்தானே ஆபத்து?"

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜூன், ஜூன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி 25

அதிசயம். வற்றிப்போன ஏரி ஒன்றைத் தாண்டும்போது, நான் கேட்காமலே வண்டியை ஓரம் கட்டினார். "இந்த வெளிச்சம் உங்களுக்குப் பிடிக்குமில்ல?" என்று வேறெங்கோ பார்த்தபடி கேட்டார். வெடித்த சேற்றுத்தரை, நடுவில் தட்டளவு தண்ணீர், அதில் தன்னையே பார்த்துக்கொண்டு ஒரு கொக்கு. இந்தப் பயணத்தில் இதுவரை உருப்படியான படம் அதுதான். தேங்க்ஸ் சொன்னேன். "சரி சரி, பெல்ட்டப் போடுங்க" என்றார்.

பிப்ரவரி 27, வெள்ளி

கோணல்மாணலாகத்தான் எழுத வருகிறது.

மூன்றாவது காடு. மேட்டில் இறங்கி நான் பள்ளத்தாக்கைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி மரத்தடியில் நின்றிருந்தார். ஒரு குளவி கண் இமையிலேயே கொட்டிவிட்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருக்கும்போதே ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. இன்னொன்றிலிருந்து நிற்காமல் தண்ணீர். போனில் சிக்னல் இல்லை. இருட்டுவதற்குள் பூங்கா கேட்டுக்குப் போயாக வேண்டும். சுற்றிலும் ஒரு மனுஷர் கிடையாது.

"நீங்க ஓட்டுங்க" என்றார்.

"நானா? ஓட்டவா? தெரியாதுங்க!"

"தெரியாதவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதுதான் என் பொழப்பு. அதுக்கு முன்னாடி எல் போர்டு."

சத்தியமாக நான் கற்பனை செய்யவில்லை. என் லைட் ஸ்டாண்டுக்கான சிவப்பு டேப்பைக் கிழித்து முன்னாலும் பின்னாலும் 'எல்' ஒட்டும்வரை சாவியைத் தரவில்லை. "யாருக்குங்க இது? கரடிக்கா?" என்றேன். "லைசென்ஸும் இல்ல. பாதிச் சட்டமாவது இருக்கட்டும்" என்றார்.

எத்தனை தடவை எஞ்சின் அணைந்ததோ! நான் கத்தினேன், கிளட்ச்சைத் திட்டினேன், கடைசியில் அழவும் செய்தேன். அவர் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. ரோட்டில் போகிற அத்தனை பேரையும் திட்டுகிறவர் இவர்தானா? "அவசரமே இல்லீங்க. கால மெதுவா எடுங்க. இன்னும் மெதுவா. பாத்தீங்களா, வண்டி உங்க பேச்சக் கேக்குது."

முதல் கியரிலேயே ஊர்ந்தோம். ஒரு திருப்பத்தில் யானை. ரோட்டிலேயே. பின்னால் ஒரு குட்டி.

எஞ்சின் அணைந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்ன ஆச்சு? எனக்குக் கண்ணு தெரியலீங்க. சொல்லுங்க."

"யானை. குட்டியோட."

"காது?"

"விரிச்சிருக்கு… ஐயோ, நம்மளப் பாக்குதுங்க."

அவர் தடவிப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹேண்ட்பிரேக் போடுங்க. சாவியத் தொடாதீங்க. நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம், மூச்சு மட்டும் விடுங்க. நான் இருக்கேன்."

ஒரு கண் மூடி, ஒரு கண் கலங்கி, எதையும் பார்க்க முடியாத ஒரு மனுஷி 'நான் இருக்கேன்' என்கிறார். எனக்கோ அதைக் கேட்டதும் மூச்சு வந்தது. காது மடங்குவதை, தும்பிக்கை குட்டியைத் தள்ளுவதை, புதர் அசைவதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டும் போய்விட்டன.

கேட்டில் வனக்காவலர் எல் போர்டைப் பார்த்து வாயைப் பிளந்தார். மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். கண்ணுக்கு ஒன்றும் இல்லையாம், வீக்கம் வடிந்துவிடும். திரும்பும்போது வாடகை வண்டியில் கேட்கிறார்: "அவ்வளவு பக்கத்துல யானை. ஒரு போட்டோ எடுக்கத் தோணலியா உங்களுக்கு?"

கேமரா பின்சீட்டில்தான் இருந்தது. அது இருந்த நினைப்பே எனக்கு இல்லை.

பிப்ரவரி 28

மகளின் போன். "சண்டை உண்டா?" என்று விசாரணை. "நிறைய" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். "அப்ப ரெண்டு பேருக்கும் டிக்கெட் போடறேன்" என்றாள்.

ஜூன் 2

மகள் வீடு. அந்த அறையில் பிளக் மூன்று இருக்கிறது. ஆனாலும் சம்பந்தி என் சார்ஜரைப் பிடுங்குகிறார். பழக்கதோஷமாம்.

ஜூன் 5, வெள்ளி

அதிகாலையிலேயே வலி கண்டுவிட்டது. பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவர்தான் போகலாம் என்றார் நர்ஸ். மாப்பிள்ளை ரத்தத்தைப் பார்த்தால் சாய்கிற ரகம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெற்றவள் ஆயிற்றே. எத்தனை மாதமாக இந்த ஒன்றுக்காக நான் ஏங்கியிருக்கிறேன்! காலும் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது.

அதற்குள் மகள் வலியில் கத்தினாள். நானும் அவளோடு சேர்ந்து கத்தினேன். அப்போதுதான் புரிந்தது. நான் உள்ளே போனால் அவள் தன்னைப் பார்ப்பாளா, என்னைப் பார்ப்பாளா?

"நீங்க போங்க" என்றேன் சம்பந்தியிடம்.

"நானா? நீங்கதானே அம்மா!"

"நான் போனா பயந்துதான் சாவேன். அவகிட்ட நிதானமாப் பேச உங்களாலதான் முடியும். போங்க சீக்கிரம்."

போனார். கதவு மூடியதும் வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். அந்த இடம் என்னுடையது. நானே கொடுத்தேன், ஆனாலும் எரிந்தது. பெஞ்சுக்கும் கதவுக்கும் நடையாக நடந்தேன். மாப்பிள்ளை மூன்று தடவை தண்ணீர் கொண்டுவந்து மூன்று தடவையும் அவரே குடித்தார்.

கடைசியில் குழந்தையின் அழுகை. கொஞ்ச நேரம் கழித்துச் சம்பந்தி வெளியே வந்தார். புடவையெல்லாம் கசங்கி, தலை கலைந்து, கையில் என் மகளின் நகம் பதிந்த தடம்.

"நல்லா இருக்கா. ரெண்டும் நல்லா இருக்கு."

"என்ன குழந்தைங்க? பெண்ணா, பையனா?"

திருதிருவென்று விழித்தார். "ஐயோ, நான் பாக்கவே இல்லீங்க" என்றார். "உங்க பொண்ணு மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன்."

நர்ஸ் வந்து பெண் என்று சொல்லும்வரை, நாங்கள் இருவரும் அந்த பெஞ்சில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தோம்.