அடுப்படி வரை கேட்ட மிஷின்

அன்பு மகளுக்கு அம்மாவின் ஸலாம்.

காது மிஷினுக்கு நீ பணம் அனுப்ப வேண்டாம். போனில் பேசினால் நான் கத்துவது ஊடு முழுக்கக் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஊட்டி பெரியாஸ்பத்திரியில் காதைப் பரிசோதித்து, இலவச மிஷின் தருகிறோம் என்றார்கள். தனியார் கடையில் விலை கூடின மிஷின் ஒன்றை ஒரு வாரம் போட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள். அருமையான மிஷின்தான். அடுப்படியில் உன் அண்ணனும் அண்ணியும் என்னைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசியதுகூட முழுசாகக் கேட்டது. என்ன பேசினார்கள் என்று கேட்காதே. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது போட்டிருக்கும் இலவச மிஷினில், பக்கத்தில் வந்து சத்தமாகச் சொன்னால்தான் கேட்கிறது. என்னிடம் சொல்ல நினைப்பது மட்டும் காதில் விழுந்தால் போதும்.

உன் ஊட்டில் சின்ன அறை காலியாக இருக்கிறது, வந்துவிடு என்று முன்பு சொன்னாயே. இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா?

உன் அம்மா