சீசன் முடியட்டும் அக்கா

அஹுன்ட்சிக், மொன்றியல்
12 மே 2024

அன்புத் தம்பி நகுலனுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சியாமளாவும் சுகமாக இருக்க வேண்டும். ஃபோனில் சொன்னால் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றுவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் ஈமெயிலில் எழுதுகிறேன். நாளைக்கு "எனக்குச் சொல்லேல்லை" என்று நீ சாட்டுச் சொல்ல ஏலாது.

ரஞ்சனாவுக்கும் கீர்த்திகனுக்கும் ஓகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். உன் அத்தான் இல்லாத வீடு இது. தாரை வார்த்துக் கொடுக்க நீயும் சியாமளாவும்தான் நிற்க வேண்டும். தாலி அறுத்த நான் மணவறைக்குக் கிட்டப் போகக் கூடாது என்பது உனக்குத் தெரியும். பிள்ளைக்குத் தாய்மாமன் நீ ஒருவன்தான். மண்டபமும் ஐயரும் சரி. இனி உன் வாயால் ஓம் என்று ஒரு சொல் வந்தால் போதும்.

அன்புடன்,
வல்லி அக்கா


ஸ்டென்பரி, இங்கிலாந்து
14 மே 2024

அன்பின் அக்கா,

செய்தி கேட்டவுடனே சியாமளா பாயாசம் வைத்தாள். மடியில் வைத்துச் சோறு தீத்திய பிள்ளை! எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே. நீ தள்ளி நில், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். ஓகஸ்ட் 26, திங்கட்கிழமை இங்கே பொது விடுமுறை. அன்று காலையில் பக்கத்து ஊர் அணியோடு அவர்கள் ட்ராக்கில் மோட்டார் சைக்கிள் போட்டி, பின்னேரம் அவர்களோடேயே எங்கள் ட்ராக்கில். வருஷத்திலேயே பெரிய நாள். எங்கள் ட்ராக்கில் ட்ரக்டர் ஓட்டுவது நான்தான். இடையிடையே இறங்கி அந்தச் செம்மண்ணை இழுத்துச் சமப்படுத்தாவிட்டால் பெடியள் குழியில் விழுந்து எலும்பை முறிப்பார்கள். ஸ்பீட்வே மோட்டார் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது, அக்கா. கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ள ஏலாதோ? சீசன் முடியட்டும் அக்கா.

உன் தம்பி,
நகுலன்


மொன்றியல்
2 ஜூன் 2024

தம்பி,

உன் கடிதத்தை ரஞ்சனாவுக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிளில் நாலு பேர் ஏறி, நாலு சுற்று, இடப்பக்கமாகவே சுத்துவார்கள். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். இப்படிப் பதினைந்து தரம். இதற்கு மண் இழுக்க நீ. இதற்காக என் பிள்ளையின் கல்யாணம் தள்ள வேண்டும்! அப்பா வயலுக்குக் கூப்பிட்டால் ட்ரக்டரைக் கண்டவுடனே வயிற்றுக்குத்து என்று படுத்தவன் நீ.

புரட்டாசியில் கல்யாணம் வைக்க ஏலாது. ஐயரைக் கெஞ்சி, சம்பந்தி வீட்டாரிடம் பல்லைக் காட்டி, ஐப்பசியில் ஒக்டோபர் 20, ஞாயிறு என்று மாற்றியிருக்கிறேன். ஒக்டோபர் தொடக்கத்தில் சீசன் முடிந்துவிடும் என்று ஃபோனில் நீதான் சத்தியம் பண்ணினாய். கீர்த்திகனின் தாய் என்ன கேட்டா தெரியுமோ? "உங்கட தம்பி பொம்பிளைக்கு மாமனோ, மோட்டார் சைக்கிளுக்கு மாமனோ?"

வல்லி அக்கா


ஸ்டென்பரி
30 செப்டம்பர் 2024

அக்கா!

அரையிறுதியில் வென்றுவிட்டோம்! முதற் பிரிவில் எங்கள் அணி இருபது வருஷத்துக்குப் பிறகு இறுதிப் போட்டிக்குப் போகிறது. என் குரல் அடைத்துப் போய்விட்டது.

கோபிக்காதே. கோடை முழுக்க மழையால் நின்ற போட்டிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போய்விட்டன. இறுதிப் போட்டியின் முதற் பாதி ஒக்டோபர் 10, அவர்கள் ட்ராக்கில். இரண்டாம் பாதி 17, வியாழன், எங்கள் ட்ராக்கில். வெள்ளிக்கிழமைக்கு எனக்கும் சியாமளாவுக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. பட்டுவேட்டி பெட்டிக்குள். இனி என்ன பயம்?

நகுலன்


மொன்றியல்
1 ஒக்டோபர் 2024

தம்பி,

வியாழக்கிழமை மழை பெய்தால்?

இப்போது காலையில் எழும்பினால் நான் மொன்றியல் வானிலையைப் பார்ப்பதில்லை, உன் ஊர் வானிலைதான். ரஞ்சனா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சுகமோ என்று பிரெஞ்சில் கேட்கிறாள்: "சா வா, அம்மா?" இங்கிலாந்தில் மழை பெய்யக் கூடாது என்று மொன்றியலில் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். என்னைப் பைத்தியக்காரி ஆக்கிப்போட்டாய்.

வல்லி அக்கா


ஸ்டென்பரி
18 ஒக்டோபர் 2024

அக்கா,

மழை. நேற்று மத்தியானம் தொடங்கிக் கொட்டித் தீர்த்துவிட்டது. நாளை, சனிக்கிழமை பின்னேரம் திரும்ப வைக்கிறார்கள். ட்ராக் சேறாகக் கிடக்கிறது. அதை ஓடக்கூடியதாக ஆக்க, என்னை விட்டால் இங்கே வேறு ஆள் இல்லை. முதற் பாதியில் நாலே நாலு புள்ளிதான் பின்னுக்கு நிற்கிறோம். இருபது வருஷம், அக்கா.

சியாமளா இன்றைக்குத் தனியே வருகிறாள். என் முகத்தையும் பாராமல் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். சொந்தத்தில் வேறு ஒரு சோடியைப் பிடி. நீ மூலையில் நின்று அழாதே. மன்னித்துக்கொள்.

நகுலன்


மொன்றியல்
18 ஒக்டோபர் 2024

நகுலேஸ்வரன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

சௌந்தரவல்லி


ஸ்டென்பரி
20 ஒக்டோபர் 2024

அக்கா,

சனிக்கிழமையும் மழை. மூன்றாவது ஓட்டத்தோடு நிற்பாட்டிவிட்டார்கள். இந்த வருஷம் இனி நடத்த நாள் இல்லையாம், கோப்பை ஒருவருக்கும் இல்லையாம். சனங்கள் எல்லாம் போன பிறகும் நான் ட்ரக்டரை விட்டு இறங்கவில்லை. இறங்கி எங்கே போவது?

என்னைப் பேசு. வாய்க்கு வந்தபடி பேசு. அந்த மாதிரி ஒரு வரிக் கடிதம் மட்டும் இனி எழுதாதே, தாங்க ஏலாது. யார் தாரை வார்த்தது? சியாமளா ஃபோன் எடுக்கிறாள் இல்லை.

நகுலன்


மொன்றியல்
27 ஒக்டோபர் 2024

தம்பி,

பேசச் சொன்னாய், பேசுகிறேன். நீ ஒரு மடையன். ஐந்து மாதமாக நான் சொன்னதெல்லாம் எருமை மாட்டில் மழை பெய்த மாதிரித்தான். இரண்டு தரம் நாள் மாற்றின கல்யாணமென்று இங்கே ஊரெல்லாம் கதை. ஒரு தரம்தான் மாற்றினோம் என்று ஒவ்வொருவருக்கும் விளங்கப்படுத்தி என் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது.

வேறு சோடி பிடிக்கச் சொன்னாய். கர்க்லாண்டில் இருக்கிற அத்தானின் ஒன்றுவிட்ட தமையனைக் கேட்போம் என்றார்கள். ரஞ்சனா அலங்காரத்தோடு எழும்பி வந்துவிட்டாள். "அவருக்கு என்ரை பேரே சரியாத் தெரியாது. அவர் என்னை எப்பிடித் தானம் குடுக்கிறது? அம்மா செய்யட்டும்."

ஐயர் தலையைச் சொறிந்தார். "வழக்கமில்லை, பிள்ளை."

"மாமா வராமல் விட்டதும் வழக்கமில்லைத்தானே, ஐயா?"

அவர் என்னைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். "அப்ப அம்மா வாங்கோ, நேரம் போகுது," என்றார்.

போனேன். சியாமளா செம்பைச் சரித்துத் தண்ணீர் வார்க்க, பிள்ளையின் கையை நானே கீர்த்திகனின் கையில் வைத்தேன். தண்ணீர் பாதி என் சேலையில் ஊற்றுண்டது. அத்தான் போன பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் எனக்குக் கடைசி வரிசைக் கதிரைதான். அன்றைக்கு மணவறையில் நின்றேன். கீர்த்திகனின் தாய்கூடக் கண்ணைத் துடைத்தா.

சபையில் ஒருவருக்கும் என்னைத் தள்ளி நில் என்று சொல்ல நா எழவில்லை. நீ வந்திருந்தால் நீ சொல்லியிருப்பாய், நகுலன். அன்பாகத்தான் சொல்லியிருப்பாய். நானும் ஓம் என்று தள்ளி நின்றிருப்பேன். அதை நினைக்க நினைக்கத்தான் ஆத்திரம் வருகிறது. பாதி உன்மேல், பாதி என்மேல்.

இதற்காக உனக்கு நன்றி சொல்வேன் என்று கனவு காணாதே. ஜனவரியில் வந்து பிள்ளையிடம் நேரில் மன்னிப்புக் கேள். அப்போது இங்கே மழை பெய்யாது, சாட்டுச் சொல்ல ஏலாது. வாசலில் முழங்காலளவு பனி கிடக்கும், அதை வழித்துத் தள்ளு. நீ வழிக்கிறதை நான் யன்னலடியில் இருந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

வல்லி அக்கா