நல்லா தண்ணியில் கழுவவும்

ஜூன் 9, திங்கள்

படகு வண்டிக்குப் புது ஸ்பிரிங் போட்டாயிற்று. பழசைக் கழற்றினால் பட்டை பட்டையாக உதிர்கிறது, கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. இரண்டே வருஷத்தில் ஒரு இரும்பு இப்படி ஆகுமா? ஊரூர் குப்பத்தில் ஆகும். ஒவ்வொரு முறை படகை இறக்கும்போதும் ஏற்றும்போதும் வண்டியின் சக்கரம் கடலுக்குள் போகிறது. வெளியே வந்து உப்போடு அப்படியே காய்கிறது. ஒருத்தராவது ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதுண்டா?

மகளிர் குழுவில் பதினெட்டுப் பேர் இருக்கிறோம். வண்டி எல்லோருக்கும் வேண்டும், கழுவ மட்டும் ஆள் கிடையாது. கடல் ஏறி வந்தால் "எஸ்தரக்கா, வண்டிய அனுப்பு" என்று ஓடி வரத் தெரிகிறது. செயலாளர் என்று என் பேரைப் போட்டாலும் போட்டார்கள், துரு பிடித்தால்கூட அது என் குற்றம்.

வண்டியை இழுக்கும் டிராக்டரை ஓட்டும் குப்பண்ணன்தான் இனிமேல் கழுவவும் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். நான் தி. நகரில் ஜவுளிக்கடை பில் கவுண்டரில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், எழுத்தில் இல்லாத எதையும் நம்புவதில்லை. ஒரு பலகையில் நீலப் பெயின்ட்டால் "கடலில் இருந்து வந்ததும் நல்லா கழுவவும்" என்று எழுதி வண்டி ஷெட்டில் மாட்டினேன்.

ஜூன் 11, புதன்

ஸ்பிரிங் போட்ட முதஸ்ஸிர் பாயிடம் போனில் பேசினேன். வடபழனி டெப்போ பக்கத்தில் பட்டறை வைத்திருக்கிறார். லாரி ஸ்பிரிங் வேலைதான் அவருக்கு, படகு வண்டி எங்களுடையது ஒன்றுதான். பலகை எழுதியதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"சும்மா கழுவுனா பத்தாது மேடம். நல்ல தண்ணில கழுவணும். பட்டைங்க நடுவுல உப்பு உக்காந்துக்கும். கழுவிட்டு காயவுட்டு, அப்புறம்தான் ஆயில். உப்பு மேலயே ஆயில் போட்டீங்கனா, அத்த உள்ள வெச்சு பூட்டுன கணக்கு."

சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாகப் பெயின்ட் டப்பாவை எடுத்தேன். "கழுவவும்" என்ற சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது. "தண்ணியில்" என்று சின்ன எழுத்தில் நுழைத்துவிட்டேன். கீழே "காய்ந்தபின் ஆயில்" என்று ஒரு வரி. புதுப் பலகை தேடும் வேலை மிச்சம்.

ஜூலை 20, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது ஷெட்டை எட்டிப் பார்த்தேன். வண்டி பளபளவென்று இருக்கிறது. பலகை வேலை செய்கிறது!

செப்டம்பர் 6, சனி

ஸ்பிரிங் பட்டைகளின் நடுவிலிருந்து காவி நிறத்தில் ஒரு கோடு வழிகிறது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. "கழுவுறீங்களா அண்ணே, இல்ல தண்ணிய காட்டிட்டு உட்டுடுறீங்களா?" என்று கேட்டேன். "அர மணி நேரம் கழுவுறேம்மா, கை வுட்டுப் போவுது" என்றார். அரை மணி நேரமாம். நான் வேலையிலிருந்து வர ஏழு மணி ஆகிறது, நான் பார்க்கவா போகிறேன் என்கிற தைரியம்.

அக்டோபர் 13, திங்கள்

உடைந்துவிட்டது.

காலையிலேயே கடல் சரியில்லை. படகுகளை மேலே ஏற்றச் சொல்லி மைக்கில் கத்திக்கொண்டு போனார்கள். நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு நின்றேன். ஐந்து படகு நல்லபடியாக ஏறியது. ஆறாவது வசந்தியின் படகு. மணல் மேட்டில் வண்டி ஏறும்போது பட்டென்று ஒரு சத்தம். இடது பக்க ஸ்பிரிங் இரண்டாகப் போய், வண்டி சாய்ந்து, படகு இறங்கி, அடிப்பக்கம் பிளந்துவிட்டது. கை அகலத்துக்குப் பிளவு. யாருக்கும் அடிபடவில்லை, மாதாவுக்குத்தான் நன்றி.

வசந்தி அழவில்லை. மீன் கூடையைத் தலையிலிருந்து இறக்கிவைத்து என்னைப் பார்த்தாள். "உன் வண்டிய நம்பித்தானக்கா ஏத்துனேன். இந்த மழ சீசன் பூரா எம்புருசன் இன்னா பண்ணும்? கரையில குந்திகினு இருக்குமா?"

என் வண்டியாம்! கடலுக்குப் போகும்போது அது குழு வண்டி, உடைந்தால் எஸ்தர் வண்டி. மீதிப் படகுகளைக் கயிறு கட்டி ஆண்கள் இழுத்தார்கள். என் வீட்டுக்காரரும் இழுத்துவிட்டு வந்து உள்ளங்கையைக் காட்டினார், தோல் உரிந்திருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

உடைந்த பட்டையைச் சாக்கில் சுற்றி 5E பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் முறைத்தார், நானும் முறைத்தேன்.

பட்டறையில் போய்க் கத்தினேன். பழைய இரும்புக்குப் பெயின்ட் அடித்து ஏமாற்றிவிட்டீர்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், இங்கே எழுத மாட்டேன். முதஸ்ஸிர் பாய் பட்டைகளைப் பிரித்தார். நடுவில் ஆயிலும் துருவும் சேர்ந்து களிம்பாக அப்பியிருந்தது. அதை விரலால் வழித்து நுனி நாக்கில் வைத்து, உடனே துப்பினார்.

"உப்பு மேடம். நான் குடுத்த இரும்பு மேல தப்பு இல்ல. இத்த நல்ல தண்ணியே தொடல. தொட்டிருந்தா இப்படி ஆவாது."

அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் 5E திரும்புவதற்குள் கோபமாகிவிட்டது. அப்படியென்றால் நான்கு மாதமாக என்னதான் கழுவினார் இந்தக் குப்பண்ணன்?

அக்டோபர் 16, வியாழன்

குழுக் கூட்டம். குப்பண்ணனை வரச் சொல்லி எல்லோர் முன்னாலும் கேட்டேன். பாய் சொன்னதைச் சொன்னேன். வண்டியைத் தண்ணீரே தொடவில்லை என்றேன்.

அவர் எழுந்து நின்றார். "நான் கழுவல? நானா? எஸ்தரு, நீ எழுதி வெச்சத ஒரு எழுத்து தப்பாம செஞ்சேன். போய் போர்டப் பாரு."

"போர்டு எழுதினதே நான்தான். எனக்கே பாடம் சொல்லாதீங்க" என்றேன்.

அவ்வளவுதான், முடிந்தது. டிராக்டர் சாவியை வாங்கிக்கொண்டோம். பதினெட்டுப் பேரும் கை தூக்கினோம். வசந்திதான் முதலில் தூக்கினாள். சாவியை என் கையில் தராமல் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனார். பொய் சொல்கிறவருக்கு இவ்வளவு ரோஷமா?

அக்டோபர் 25, சனி

பாய் புது ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன், "உடுங்க மேடம்" என்றார். நல்ல மனுஷன். கழுவும் வேலை இனிமேல் முறை வைத்து, வாரம் ஒருத்தர்.

குப்பண்ணன் வீட்டம்மா எதிரே வந்தார்கள், தெருவின் அந்தப் பக்கமாக ஒதுங்கிப் போனார்கள். அண்ணன் காசிமேட்டுக்குக் கூலி வேலைக்குப் போகிறாராம், காலை மூன்று மணி பஸ்ஸாம். ஐம்பத்தாறு வயதில். அதற்கு நான் என்ன செய்வது?

நவம்பர் 1, சனி

இதை எப்படி எழுதுவது?

கடையில் இன்று எனக்கு வாரவிடுமுறை. மத்தியானம் வண்டி கடலிலிருந்து வந்தது. முதல் முறை வசந்தியுடையது. ஷெட்டுக்குப் போனால், அவள் போர் குழாயில் ரப்பர் ட்யூபை மாட்டி ஸ்பிரிங் மேல் பீய்ச்சி அடித்துக்கொண்டிருக்கிறாள். போர் தண்ணீர்! எங்கள் குப்பத்துப் போரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. கடலுக்கு அது சொந்தத் தங்கச்சி.

"ஏய், உப்புத் தண்ணியில கழுவுற? நல்ல தண்ணின்னு எழுதியிருக்கேனே, கண்ணு தெரியல?" என்று கத்தினேன்.

வசந்தி ட்யூபைக் கீழே போடாமலே சொன்னாள்: "நல்லாதானக்கா கழுவிகினு கீறேன். போர்டுல அதான போட்டுக்கீது. குப்பண்ணனோட ட்யூபும் இந்தக் குழாயாண்டதான் கெடந்துது. நல்ல தண்ணிய யாராவது வண்டிக்கு ஊத்துவாங்களா? தண்ணி லாரியே வாரத்துக்கு ரெண்டு தபாதான் வருது."

திரும்பிப் பலகையைப் பார்த்தேன்.

கடலில் இருந்து வந்ததும் நல்லா தண்ணியில் கழுவவும்.

நல்லா. ல, பக்கத்தில் கால். என் கையெழுத்து, என் நீலப் பெயின்ட். "நல்லா கழுவவும்" என்று எழுதியதன் நடுவில் "தண்ணியில்" என்று நுழைத்தேனே, அந்தக் காலை எடுத்தேனா? எடுக்கவில்லை. ஐந்து மாதமாகத் தினம் அந்தப் பலகையைத் தாண்டிப் போகிறேன். நான் "நல்ல தண்ணி" என்று படித்தேன். எல்லோரும் எழுதியிருப்பதைப் படித்தார்கள்.

அரை மணி நேரம் உப்புத் தண்ணீரைப் பட்டைக்குள் பீய்ச்சி, காயவிட்டு, அதன் மேல் ஆயில் போட்டுப் பூட்டியிருக்கிறார். ஒரு எழுத்து தப்பாமல்.

கடவுளே, நான் என்ன செய்துவிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

வசந்திக்குப் புரியவில்லை. யாருக்கும் தெரியாது. நேற்று வெளிச்சம் போவதற்குள் பிளேடு எடுத்துக்கொண்டு போனேன் — எழுதிவிடுகிறேன், இதிலாவது பொய் வேண்டாம் — அந்தக் காலைச் சுரண்ட. பாதி சுரண்டினேன். கீழ்ப்பாதி போயிற்று. அப்புறம் கை ஓடவில்லை.

இவரிடம் சொன்னேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுகிறேன் என்றேன். வலையைப் பிரித்துக்கொண்டே, "சாமியார்கிட்ட சொல்றது சுலபம் எஸ்தரு. அவரயா நீ காசிமேட்டுக்கு தொரத்துன?" என்றார்.

கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இல்லை, தெரியும்.

நவம்பர் 4, செவ்வாய்

பலகையைக் கழற்றிக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன், பாதி சுரண்டிய காலோடு. எல்லாவற்றையும் சொன்னேன், பிளேடையும் சேர்த்து. வசந்தி படகின் பிளவுக்கும் நான்தான் காரணம் என்று நானே சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... சரி, பார்க்கட்டும்.

அப்புறம் எல்லோருமாகக் குப்பண்ணன் வீட்டுக்குப் போனோம். அவர் பலகையை வாங்கி, விரலால் எழுத்துக் கூட்டிப் படித்தார். நெடுநேரம் படித்தார்.

"அப்ப நான் கழுவுனேன்."

"கழுவினீங்க அண்ணே."

"பத்தொம்போது நாளா என்னைக் கண்டா தல திருப்பிகினு போனீங்களே எல்லாம். ஒருத்தராவது குழாயாண்ட வந்து பாத்தீங்களா?"

சாவியை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"வண்டிய ஓட்டுறேன். ஆனா ஏழு நாளைக்கு நீ கழுவு. நல்ல தண்ணில. நான் குந்திகினு பாக்குறேன்."

பில் கவுண்டரில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து வண்டிக்கு அடியில் படுக்க வேண்டுமா என்று ஒரு நொடி சுருக்கென்றது. நியாயமாக அப்படித் தோன்றியிருக்கக் கூடாது. தோன்றியது, எழுதிவிட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

லாரி வந்தது. வண்டிக்கு இரண்டு குடம் எடுத்துவைத்தேன், எங்கள் வீட்டுப் பங்கிலிருந்து. "குடிக்கிற தண்ணில இரும்ப குளிப்பாட்டுது பாரு" என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். ஆமாம், குளிப்பாட்டுகிறேன், உனக்கென்ன? கேட்டுவிட்டேன். வாய் மட்டும் இன்னும் குறையவில்லை.

கடையில் வேலை நேரத்தை மாற்றி வாங்கியிருக்கிறேன். நாலு மணிக்கெல்லாம் ஷெட்டில் இருக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் பட்டை இடுக்குத் தண்ணீர் எல்லாம் கண்ணில்தான் விழுகிறது. "அந்தாண்ட, அந்தாண்ட! உள்ள வுட்டுத் தேயி!" கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்துகொண்டு அதட்டுகிறார். உள்ளே விட்டுத் தேய்த்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

தோள்பட்டை கழன்றுவிட்டது. நான்கு மாதம் இதைச் செய்தாரா அவர்!

நவம்பர் 11, செவ்வாய்

ஏழாம் நாள். வசந்தி படகுக்கு ஒட்டுப்போட்டு முடிந்து, இன்று முதல் தடவையாகக் கடலுக்கு இறங்கியது. குப்பண்ணன்தான் வண்டி ஓட்டினார். வசந்தி என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் வண்டி திரும்பி வந்தபோது ஷெட்டு வாசலில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருந்தது, அவள் வீட்டுப் பச்சைக் குடம்.

வண்டிக்கு அடியில் புகுந்தேன். வலது பக்கம் முடித்து இடது பக்கம் திரும்பும்போது, பக்கத்தில் இன்னொரு முதுகு மணலில் உரசுகிற சத்தம்.

"தள்ளு எஸ்தரு," என்றார் குப்பண்ணன். "அந்த உள்பக்கம் உனக்கு கை எட்டாது."